கொட்டேஷன், கணக்கு, கார்டு: மூன்றையும் "கனெக்ட்" செய்வது என்றால் என்ன?

பிளம்பிங், வயரிங், ஏசி வேலை எடுத்துச் செய்கிற சிறு காண்டிராக்டர்கள் சிலருக்குக் கோயம்புத்தூரில் நான் கணக்கு எழுதித் தருகிறேன். அவர்களிடம் இப்போது அதிகம் கேட்கும் பேச்சு, "எல்லாத்தையும் கனெக்ட் பண்ணியாச்சுங்க" என்பது. என்ன கனெக்ட் செய்தீர்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் காட்டுகிறார்கள். ஒருவர் வாட்ஸ்ஆப்பில் பணம் கட்டும் லிங்க் அனுப்புகிறார். இன்னொருவர் மாதக் கடைசியில் எக்செல் கோப்பை ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கிறார். வேறொருவர் டாலி என்கிற கணக்கு மென்பொருளும் வைத்திருக்கிறார், கொட்டேஷன் போடும் ஆப்பும் வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருப்பதால் இணைந்துவிட்டன என்று நம்புகிறார்.

ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் இருப்பதால்தான் காசு கொடுத்து மென்பொருள் வாங்கியும் கணக்கு நேராவதில்லை. அதனால் இந்த இணைப்பு உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று முதலிலிருந்து பார்க்கலாம். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பில் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும்.

ஜவுளிக்கடைச் சீட்டு

பெரிய ஜவுளிக்கடையில் புடவையைத் தேர்ந்தெடுத்ததும் சேல்ஸ்மேன் அதை உங்கள் கையில் தரமாட்டார். ஒரு சீட்டைத்தான் தருவார். அதைக் கொண்டுபோய்க் கேஷ் கவுண்டரில் பணம் கட்டினால் சீட்டில் முத்திரை விழும். அப்புறம் டெலிவரி கவுண்டர். அங்கே இருப்பவர் சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்துப் பையை எடுத்துத் தருவார். இரவு கடையை மூடியதும், கணக்கு எழுதுபவர் அதே எண்களை வைத்து அன்றைய விற்பனையையும் கல்லாவில் உள்ள பணத்தையும் ஒப்பிடுவார்.

கவனித்துப் பாருங்கள். மாடியில் புடவை காட்டியவரும் கேஷில் உட்கார்ந்தவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்று சேல்ஸ்மேனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இருந்தாலும் பை மாறுவதில்லை. ஒரே எண் எல்லாக் கவுண்டருக்கும் போய் வருவதுதான் காரணம்.

மென்பொருள் இணைப்பும் இதேதான். கொட்டேஷன் ஆப், கார்டில் பணம் வாங்கித் தரும் சேவை, கணக்கு மென்பொருள் ஆகிய மூன்றும் தனித்தனிக் கவுண்டர்கள். ஒரு வேலைக்கான எண்ணும் தொகையும் யாரும் கையால் மறுபடி தட்டாமலே மூன்றுக்கும் போய்ச் சேர்ந்தால் அது இணைப்பு. வாட்ஸ்ஆப் லிங்க் பணத்தை வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்தப் பணம் எந்த பில்லுக்கு வந்தது என்று கணக்குப் புத்தகத்துக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

கொட்டேஷன் இன்னும் கணக்கு ஆகவில்லை

எனக்கு வரும் குழப்பங்களில் பாதி இந்த இடத்தில் ஆரம்பிக்கிறது. கொட்டேஷன் என்பது "இந்த வேலையை இந்த விலைக்குச் செய்து தருகிறேன்" என்று நீங்கள் கொடுக்கும் வாக்கு. அதில் ஒரு ரூபாய் கூடக் கைமாறவில்லை. வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அல்லது நான்கு முறை விலை பேசி நான்கு கொட்டேஷன் வாங்கலாம். இதில் எதுவும் கணக்குப் புத்தகத்துக்குள் போகக் கூடாது.

கணக்கு ஆரம்பிக்கும் இடம் இரண்டு. ஒன்று, அட்வான்ஸ் கைக்கு வருவது. இன்னொன்று, இன்வாய்ஸ் போடுவது, அதாவது நாம் சாதாரணமாக பில் என்று சொல்கிற வரி விலைச்சீட்டு. ஒரு காண்டிராக்டரின் ஆப்பில் கொட்டேஷனைச் சேமித்த உடனேயே அது கணக்கு மென்பொருளுக்கு இன்வாய்ஸாகப் போகும்படி வைத்திருந்தார்கள். மாதக் கடைசியில் பார்த்தால் விற்பனை மூன்று மடங்கு. கிடைக்காத வேலைக்கெல்லாம் ஜிஎஸ்டி கணக்காகியிருந்தது. அந்த ஒரே ஒரு அமைப்பை "வாடிக்கையாளர் சம்மதித்து, வேலை முடிந்த பிறகு" என்று மாற்ற வேண்டியிருந்தது.

அட்வான்ஸில் ஒரு நுணுக்கம் உண்டு. வயரிங், ரிப்பேர் போன்ற சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு, பணம் வந்த மாதத்திலேயே ஜிஎஸ்டி பொறுப்பு வந்துவிடுகிறது. பொருள் விற்பனை என்றால் அப்படி இல்லை, 2017 நவம்பரிலிருந்து இன்வாய்ஸ் போடும்போது கட்டினால் போதும். ஆகவே 20,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினால், அதற்குள்ளேயே 18% வரி அடங்கியதாக எடுத்துக்கொண்டு 3,050.85 ரூபாய் வரி என்று கணக்கு மென்பொருள் தனியாகக் காட்ட வேண்டும். அந்தப் பணத்தை வெறும் "வரவு" என்று எழுதி வைத்தால் வரி விடுபட்டுப்போகும்.

அப்புறம் சைட்டில் நடக்கும் விஷயம். "அப்படியே ரெண்டு ஃபேன் பாயின்ட் சேர்த்துப் போட்டுடுங்கண்ணா" என்று வீட்டுக்காரர் சொல்வார். அதைக் கொட்டேஷனில் ஏற்றாமல் நேராக பில்லில் சேர்த்தால், சம்மதித்த தொகை ஒன்று, பில் ஒன்று, கட்டிய தொகை இன்னொன்று என்று மூன்று எண்கள் ஆகிவிடும். கூடுதல் வேலையைப் பழைய கொட்டேஷனின் இரண்டாம் பதிப்பாகப் போட்டு, வாட்ஸ்ஆப்பிலாவது "சரி" வாங்கிக்கொள்வது நல்லது.

இதுவரை பார்த்தது: மூன்று மென்பொருளையும் ஒரே எண் தொட்டுச் செல்வதுதான் இணைப்பு. கொட்டேஷன் வாக்கு மட்டுமே. கணக்கு, அட்வான்ஸிலோ இன்வாய்ஸிலோ தொடங்குகிறது.

மென்பொருள்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

வங்கிக்குப் போனால் உள்ளே புகுந்து லெட்ஜரை நாமே புரட்ட முடியாது. ஜன்னலில் இருக்கும் படிவத்தை, கட்டத்துக்குக் கட்டம் சரியாக நிரப்பிக் கொடுத்தால் உள்ளே இருப்பவர் வேலையை முடித்துத் தருவார். ஒரு மென்பொருள் வெளியிலிருந்து வரும் இன்னொரு மென்பொருளுக்காகத் திறந்து வைத்திருக்கும் இப்படிப்பட்ட ஜன்னலுக்கு ஏபிஐ என்று பெயர். "இந்தப் பெயர், இந்தத் தொகை, இந்த வரி, ஒரு இன்வாய்ஸ் போடு" என்று கொட்டேஷன் ஆப் கேட்கும். கணக்கு மென்பொருள் போட்டுவிட்டு இன்வாய்ஸ் எண்ணைத் திருப்பித் தரும். ஜன்னலில் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கக் கூடாது என்பதற்காக ஒரு ரகசியச் சாவியும் உண்டு. அது நீளமான கடவுச்சொல் மாதிரி. அதை ஆப் செய்து தரும் பையனுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதீர்கள். அது கையில் இருப்பவர் உங்கள் கணக்குக்குள் எழுதலாம்.

பணம் வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா என்று தினம் ஏஜென்சிக்கு போன் போட்டுக் கேட்கலாம். அல்லது சிலிண்டர் கிளம்பியதும் அவர்களே எஸ்எம்எஸ் அனுப்பலாம். பணம் வந்த உடனே கார்டு சேவை தானாக அனுப்பும் அந்தச் செய்திக்கு வெப்ஹுக் என்று பெயர். "இந்த எண்ணுள்ள பில்லுக்கு 39,000 வந்துவிட்டது" என்ற ஒரு வரிச் செய்திதான்.

இதில் ஒரு சிக்கல், ஒரே செய்தி இரண்டு முறை வரலாம். உங்கள் பக்கம் பதில் சொல்லத் தாமதமானால் அவர்கள் மறுபடி அனுப்புவார்கள். அது பிழை இல்லை, பணம் வந்த செய்தி தொலைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். மொய் எழுதுபவர் ஒரே பெயரை இரண்டு முறை கேட்டால், "ஏற்கெனவே எழுதியாச்சுங்களே" என்று நோட்டைப் பார்த்துச் சொல்வார் அல்லவா? நல்ல இணைப்பும் அதையே செய்யும். ஒவ்வொரு பேமென்டுக்கும் உள்ள பரிவர்த்தனை எண்ணைப் பார்த்து, பழையது என்றால் விட்டுவிடும். மென்பொருள் விற்க வருபவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "ஒரே செய்தி ரெண்டு தடவை வந்தா என்ன ஆகும்?" பதில் சொல்லத் தடுமாறினால் யோசித்து வாங்குங்கள்.

இன்னொன்று, டாலி வைத்திருப்பவர்களுக்கு. டாலி பெரும்பாலும் உங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. ஜோஹோ புக்ஸ் போன்ற கணக்கு மென்பொருள்கள் இணையத்தில் இருப்பவை. வெளியில் இருக்கும் ஆப் உங்கள் மேசைமேல் இருக்கும் டாலியோடு பேச வேண்டுமானால் இடையில் ஒரு இணைப்பு நிரல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கம்ப்யூட்டரும் டாலியும் திறந்திருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனால் ஞாயிறு வந்த பேமென்ட், திங்கள் காலையில் யாராவது டாலியைத் திறந்த பிறகுதான் ஏறும். இது கோளாறு இல்லை. தெரியாமல் இருந்தால்தான் "பணம் காணோம்" என்று பதறுவோம்.

பில் 39,000, வங்கியில் 38,079.60. மீதி எங்கே?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

ஒட்டன்சத்திரம் மண்டிக்கு ஒரு விவசாயி தக்காளி அனுப்புகிறார். 10,000 ரூபாய்க்கு விற்கிறது. மண்டிக்காரர் கமிஷன், இறக்குகூலி எல்லாம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார். சீட்டில் எல்லாம் வரி வரியாக இருக்கும். வீட்டில் வந்து "தக்காளி எவ்வளவுக்குப் போச்சு?" என்று கேட்டால் அவர் 10,000 என்றுதான் சொல்வார். கைக்கு வந்ததை விற்ற விலையாகச் சொல்லமாட்டார். கமிஷன் தனிச் செலவு என்று அவருக்குத் தெரியும்.

கார்டு பணத்திலும் நடுவில் ஒரு மண்டிக்காரர் இருக்கிறார். அவருக்கு பேமென்ட் கேட்வே என்று பெயர். வாடிக்கையாளரிடமிருந்து கார்டு, யூபிஐ என எந்த வழியிலும் பணத்தை வாங்கி, தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு, மீதியை ஓரிரு வேலை நாள் கழித்து உங்கள் வங்கிக் கணக்கில் போடும் நிறுவனம் அது. அப்படிப் போடுவதை செட்டில்மென்ட் என்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டு வயரிங் வேலை 50,000, ஜிஎஸ்டி 18% என்று 9,000, மொத்தம் 59,000. அட்வான்ஸ் 20,000 யூபிஐயில் வந்தது. வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் கிடையாது. எம்டிஆர் என்பது பணத்தை வாங்கித் தருவதற்காக வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணம். சில கேட்வேக்கள் தளக் கட்டணம் என்று தனியாக வாங்குவதுண்டு, அதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே முழு 20,000-மும் வந்ததாக வைத்துக்கொள்வோம்.

மீதி 39,000-ஐ வாடிக்கையாளர் கிரெடிட் கார்டில் கட்டினார். உங்கள் கட்டணம் 2% என்றால் 780 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு 18% ஜிஎஸ்டி, 140.40. இரண்டும் சேர்த்து 920.40 போக, வங்கிக்கு வருவது 38,079.60.

கையால் கணக்கு எழுதும்போது பெரும்பாலோர் வங்கி ஸ்டேட்மென்டைப் பார்த்து, "இந்த பார்ட்டி 38,079.60 கட்டினார்" என்று எழுதுகிறார்கள். உடனே அந்த பார்ட்டியின் லெட்ஜரில் 920.40 பாக்கி என்று நிற்கிறது. அவர் ஒரு பைசா பாக்கி வைக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஏசி சர்வீஸ்காரர் ஒருவர் இப்படித்தான், 17,700 ரூபாய் பில்லை முழுசாகக் கார்டில் கட்டிய ஒரு பள்ளி ஆசிரியைக்கு போன் செய்து "417 ரூபாய் பாக்கி இருக்குங்க" என்று கேட்டுவிட்டார். பத்து வருஷ வாடிக்கையாளர். அந்த அம்மாவுக்கு வருத்தம், இவருக்கு அவமானம். அதற்குப் பிறகு அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் "இப்படி வர்றதையெல்லாம் தள்ளுபடியில போட்டு முடிச்சுடும்மா" என்று சொல்லிவிட்டார். ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது. "அதெல்லாம் டிஸ்கவுண்ட்ல போயிடுச்சுங்க அக்கா" என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னபோது, கேட்வே கட்டணத்தின் மேல் அவர் கட்டிய ஜிஎஸ்டி ஒரு ரூபாய் கூடத் திரும்ப எடுக்கப்படவில்லை என்பது எனக்குப் புரிந்தது. சாதாரண ஜிஎஸ்டி பதிவில் இருப்பவர் அந்த 140.40 போன்ற தொகையை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் கெடு இருக்கிறது. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-ஐத் தாண்டினால் போனது போனதுதான். அவருக்கு ஒரு வருஷத்துத் தொகை அப்படிப் போய்விட்டது. அந்தப் பெண்ணின் மேல் எந்தத் தப்பும் இல்லை, யாருமே அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இடைக்கணக்கு: நடுவில் ஒரு உண்டியல்

சரி, எப்படி எழுதுவது? கணக்கு மென்பொருளில் கேட்வேயின் பெயரில் ஒரு தனிக் கணக்கு திறக்க வேண்டும். இதை இடைக்கணக்கு என்று சொல்லலாம். கேட்வேயின் கையில் இருக்கும் உங்கள் பணம் அங்கே நிற்கும்.

வாடிக்கையாளர் கார்டைத் தேய்த்த அன்று, இடைக்கணக்கில் 39,000 ஏறுகிறது. பார்ட்டியின் பாக்கி பூஜ்யம் ஆகிறது. செட்டில்மென்ட் வரும் அன்று, இடைக்கணக்கிலிருந்து 38,079.60 வங்கிக்கும், 780 கட்டணச் செலவுக்கும், 140.40 உள்ளீட்டு வரிக்கும் பிரிந்து போகிறது. மூன்றையும் கூட்டினால் 39,000. இடைக்கணக்கு காலியாகிவிடும்.

வாரக் கடைசியில் வந்த நான்கு பேமென்ட் சேர்ந்து திங்களோ செவ்வாயோ ஒரே தொகையாக வங்கியில் விழுந்தாலும் இதே முறைதான். வங்கி வரியில் ஒரு எண்தான் தெரியும். கேட்வே தரும் செட்டில்மென்ட் அறிக்கையில் அந்த நான்கும் தனித்தனியாக இருக்கும், மண்டிச் சீட்டைப் போலவே. "எங்களுடையது கணக்கு மென்பொருளோடு இணையும்" என்று கேட்வே சொன்னால், பேமென்ட் மட்டும் போகிறதா, இந்தச் செட்டில்மென்ட் விவரமும் போகிறதா என்று கேளுங்கள். முதலாவது மட்டும் என்றால் பாதி இணைப்பு. மீதியை மாதம் ஒருமுறையாவது கையால் எழுத வேண்டும்.

கம்பெனிகளுக்கு வேலை செய்பவர்களுக்கு இன்னொரு குறைவும் வரும். அவர்கள் டிடிஎஸ், அதாவது உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டும் வருமான வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். தனிநபர் காண்டிராக்டர் என்றால் 1%. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டிய பில்லில் 50,000-க்கு மட்டும் கணக்கிட்டு 500 பிடிப்பார்கள். இதுவும் தள்ளுபடி இல்லை, உங்கள் வருமான வரிக் கணக்கில் வந்து சேரும் பணம். இதற்கும் தனி லெட்ஜர் வேண்டும்.

சுருக்கமாக: விற்பனை என்பது பில் தொகை. வங்கிக்கு வருவது பிடித்தம் போக மீதி. இரண்டுக்கும் நடுவில் இடைக்கணக்கு. அதில் இரண்டு நாள் பணம் நிற்பது இயல்பு, இரண்டு வாரம் நின்றால் ஏதோ விடுபட்டிருக்கிறது.

எந்தத் தகவல் எங்கே பிறக்கிறது?

இணைப்பைப் போடும் முன் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி முடிவு செய்ய வேண்டியது இது. வாடிக்கையாளரின் பெயரும் விலாசமும் முதலில் எங்கே பதிவாகும்? இன்வாய்ஸ் எண்ணை யார் கொடுப்பது? ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே ஒரு பிறந்த இடம் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் அதைப் பார்க்கலாம், மாற்றக் கூடாது.

இன்வாய்ஸ் எண்ணில் இது சட்ட விஷயமும் கூட. ஜிஎஸ்டி விதிப்படி எண் வரிசையாக வர வேண்டும், ஒரு நிதியாண்டில் அதே எண் மறுபடி வரக் கூடாது, 16 எழுத்துக்கு மிகக் கூடாது. கொட்டேஷன் ஆப் ஒரு எண்ணும் கணக்கு மென்பொருள் இன்னொரு எண்ணும் கொடுத்தால் வாடிக்கையாளர் கையில் ஒன்று, ஜிஎஸ்டி தாக்கலில் ஒன்று இருக்கும். கணக்கு மென்பொருளே எண் கொடுக்கட்டும். ஆப் அதை வாங்கிக் காட்டினால் போதும்.

பெயரில் வரும் தொல்லை வேறு மாதிரி. போனில் "செந்தில் சிங்காநல்லூர் மோட்டார்" என்று சேமித்திருப்போம். கொட்டேஷனில் செந்தில்குமார். பில்லில் ஆர். செந்தில்குமார். மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. அது மூன்று பார்ட்டிகளை உருவாக்கி, ஒருவர் பெயரில் பாக்கியும் இன்னொருவர் பெயரில் அட்வான்ஸும் காட்டும். அதனால் பெயரை வைத்துப் பொருத்தாமல் மொபைல் எண்ணையோ ஜிஎஸ்டி எண்ணையோ வைத்துப் பொருத்தும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

கார்டு எண் எங்கும் வேண்டாம்

மூன்று மென்பொருளுக்கும் இடையே போக வேண்டியவை பில் எண், தொகை, தேதி, பரிவர்த்தனை எண், இவ்வளவுதான். கார்டு எண் போகவே தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் வியாபாரிகளும் கேட்வேக்களும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. "கார்டை போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் போட்டுக்கறேன்" என்று கேட்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். லிங்க் அனுப்பினால் அவரே கட்டிக்கொள்வார்.

தொடங்கும்போது

பழைய இரண்டு வருஷக் கணக்கையும் இழுத்துவந்து இணைக்க ஆசை வரும். வேண்டாம். ஒரு மாதத்தின் முதல் தேதியைக் குறித்துக்கொண்டு, அன்றைய பாக்கிகளை மட்டும் தொடக்க இருப்பாக ஏற்றி, அன்றிலிருந்து புதியவற்றை இணைப்பு வழியாக ஓட்டுங்கள். ஏப்ரல் 1 என்றால் இன்வாய்ஸ் எண் வரிசையும் புதிதாகத் தொடங்கும், வசதி.

அதற்கு முன் ஒரு சோதனை. உங்கள் சொந்தப் பெயரிலேயே 100 ரூபாய்க்கு ஒரு கொட்டேஷன் போட்டு, சம்மதம் கொடுத்து, இன்வாய்ஸாக மாற்றி, உங்கள் கிரெடிட் கார்டிலேயே கட்டுங்கள். கணக்கு மென்பொருளில் அதே பில் எண்ணோடு ஒரே ஒரு முறை வந்திருக்கிறதா, பார்ட்டி பாக்கி பூஜ்யமா, இடைக்கணக்கில் ஜிஎஸ்டி சேர்த்து 118 நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு நாள் கழித்து செட்டில்மென்ட் வந்ததும் அந்த 118 வங்கிக்கும் கட்டணத்துக்குமாகப் பிரிந்து இடைக்கணக்கு காலியாக வேண்டும். பிறகு அந்த இன்வாய்ஸுக்கு ஒரு கிரெடிட் நோட், அதாவது பில் தொகையைத் திரும்பக் கழிக்கும் சீட்டு, போட்டு, பணத்தைத் திருப்பி அனுப்பி, அதுவும் சரியாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். பணம் திரும்பிப் போனாலும் முதலில் பிடித்த கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது. அந்த இரண்டு மூன்று ரூபாய் இடைக்கணக்கில் குறையாகத் தொங்காமல் செலவில் போய் உட்கார்ந்திருந்தால், அடுத்த திங்கள்கிழமை உண்மையான வாடிக்கையாளர் ஒருவருடைய பில்லை இதில் போடலாம்.